இடைத்தேர்தலில் ஜெயித்தால் எதிர்க்கட்சி வளர்ந்துவிட்டதா? பர்மாத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2010 பொதுத்தேர்தலுக்குப் பிறகு பர்மாவில் 2012, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் இடைத்தேர்தல் நடந்தது. மூன்று முறையும் முடிவு வந்த மறுநாள் டீக்கடையில் ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்குகளில் எது தேறியது, எது தேறவில்லை என்பது பிறகு வந்த பொதுத்தேர்தல்களில் தெரிந்துவிட்டது. ரங்கூன், தான்லின், பெகு, மோல்மேன் பக்கத்து உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில், இங்கே இடைத்தேர்தல் எதற்காக வருகிறது?

உறுப்பினர் இறந்தாலோ பதவி விலகினாலோ வரும். அது எல்லா நாட்டிலும் உள்ளதுதான். பர்மாவில் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. 2008 அரசியல் சட்டப்படி மத்திய அமைச்சராகவோ துணை அமைச்சராகவோ ஆனவர் நாடாளுமன்ற இடத்தை விட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டில் எம்எல்ஏ பதவியை வைத்துக்கொண்டேதான் அமைச்சராக இருப்பார்கள். இங்கே அது கிடையாது. அதனால் புது அரசு பதவி ஏற்ற கையோடு பல இடங்கள் ஒரே நேரத்தில் காலியாகும்.

இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. காலியாகும் இடங்கள் பெரும்பாலும் ஆளுங்கட்சியின் பெரிய தலைகளுடையவை. அந்தக் கட்சி நன்றாக வேரூன்றிய இடங்கள் என்று நம்பி அவர்களை நிறுத்தியிருப்பார்கள். அங்கே தோற்றால் அதற்கு எடை அதிகம்.

2012 இடைத்தேர்தலை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

எதிர்க்கட்சி ஒன்றின் உண்மையான பலம் இடைத்தேர்தலில் அப்படியே வெளிப்பட்டதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் இல்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங் சான் சூகியின் என்எல்டி (தேசிய ஜனநாயக லீக்) கட்சி 1990 தேர்தலில் 392 இடங்களைப் பிடித்தது. ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை. 2010 தேர்தலை அந்தக் கட்சி புறக்கணித்தது, அதனால் பதிவையும் இழந்தது. ராணுவத்தின் ஆதரவு பெற்ற யூஎஸ்டிபி பெரும்பான்மை பெற்று, முன்னாள் ஜெனரல் தெய்ன் செய்ன் அதிபரானார். சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியதும் என்எல்டி மறுபடி பதிவு செய்துகொண்டு 2012 ஏப்ரல் 1 இடைத்தேர்தலில் இறங்கியது.

அதாவது மக்கள் அந்தக் கட்சிக்குக் கடைசியாக ஓட்டுப் போட்டு 22 வருடம் ஆகியிருந்தது. 1990இல் ஓட்டுப் போட்டவர்களில் எத்தனையோ பேர் செத்துப் போயிருந்தார்கள். கட்சியின் கிளை அலுவலகங்கள் மூடிக் கிடந்தன, தொண்டர்கள் பலர் சிறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். இந்தக் கட்சிக்கு இன்னும் ஆள் இருக்கிறதா என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. சின்னமும் புதிது. 1990இல் விவசாயி அணியும் மூங்கில் தொப்பி. 2012இல் நட்சத்திரத்தைப் பார்க்கும் மயில்.

தேர்தல் நடந்தது 45 இடங்களுக்கு. கச்சின் மாநிலத்தில் மூன்று இடங்களைப் பாதுகாப்புக் காரணம் சொல்லித் தள்ளிவைத்தார்கள். என்எல்டி 44 இடங்களில் நின்று 43இல் ஜெயித்தது. சூகி, துவாந்தேக்குத் தெற்கே உள்ள கொஹ்மூ தொகுதியில் பெரிய வித்தியாசத்தில் வென்றார். தலா ஜெட்டியில் இறங்கி அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். வயலும் ஓலைக் கூரையுமான ஊர்கள் அவை. தலைவரின் தொகுதி என்பதால் அங்கே ஜெயித்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

ஆச்சரியம் நேப்பிடோவில்தான். அது ராணுவ அரசு தனக்காகவே கட்டிய தலைநகரம். குடியிருப்பவர்களில் பெரும்பகுதி அரசு ஊழியர், ராணுவத்தினர், அவர்களின் குடும்பத்தினர். அங்கே காலியாக இருந்த நான்கு இடங்களும் என்எல்டிக்குப் போயின. அதில் ஒன்று, அதிபர் தெய்ன் செய்னே 2010இல் ஜெயித்து விட்டுச் சென்ற ஸபூத்தீரி. இன்னொன்றில் ஜெயித்தவர் பியோ ஸேயா தோ என்ற ஹிப் ஹாப் பாடகர், அரசியல் கைதியாகச் சிறையில் இருந்தவர். (2022 ஜூலையில் ராணுவ அரசு அவரைத் தூக்கிலிட்டது.) சம்பளம் கொடுக்கிற அரசுக்கே அதன் ஊழியர்கள் ஓட்டுப் போடவில்லை என்றால், அந்த அரசின் கட்சிக்கு வேறு எந்த ஊரில் பிடிப்பு இருக்கப்போகிறது?

அன்று இரவு ரங்கூன் ஷ்வேகொண்டைன் சாலையில் கட்சி அலுவலகத்து வாசலில் பெரிய திரை வைத்து முடிவுகளைப் போட்டார்கள். சாலை முழுக்கக் கூட்டம், ஆட்டம் பாட்டம். அதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்புவரை சூகியின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டவே பயந்த ஊர் இது. எதிர்க்கட்சியின் பலத்தை அளக்க ஓட்டு எண்ணிக்கையோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன்: பயம் போயிருக்கிறதா?

45இல் 43 ஜெயித்தும் ஆட்சி ஏன் மாறவில்லை?

இரு அவைகளிலும் சேர்த்து 664 இடங்கள். அதில் கால்வாசி ராணுவத்துக்கு நேரடி நியமனம். யூஎஸ்டிபி 2010இல் 380க்கு மேல் பிடித்திருந்தது. அதற்கு நடுவில் 40 சொச்சம் பேர் போய் உட்கார்ந்தால் கேள்வி கேட்கலாம், சட்டத்தை மாற்ற முடியாது. பதவிப் பிரமாண வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொல்லி ஒரு வாரத்துக்கு மேல் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். அதுவும் நடக்காமல் மே 2இல் அதே வாசகத்தைச் சொல்லித்தான் உள்ளே போனார்கள்.

கிடைக்காத இரண்டு இடங்கள் எவை?

ஷான் மாநிலத்தில் லாஷியோ பக்கம் ஒரு மேலவை இடம், ஷான் இனக் கட்சிக்குப் போனது. சகாயிங்கில் என்எல்டி வேட்பாளரின் மனு தள்ளுபடியானதால் ஒரு இடம் யூஎஸ்டிபிக்குப் போனது. ஆக நேருக்கு நேர் மோதி என்எல்டி தோற்றது லாஷியோ ஒன்றில்தான், அதுவும் ஆளுங்கட்சியிடம் இல்லை. அப்போது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலைநாட்டு மாநிலங்களில் போட்டி வேறு மாதிரி என்பதற்கான முதல் அறிகுறி அதுதான்.

அந்த முடிவை வைத்து 2015ஐ முன்கூட்டியே சொல்லியிருக்க முடியுமா?

முடியும், சிலர் சொல்லவும் செய்தார்கள். 2015 நவம்பர் 8 பொதுத்தேர்தலில் என்எல்டி இரு அவைகளிலும் 390 இடங்களைப் பிடித்தது. யூஎஸ்டிபிக்கு நாற்பது சொச்சம்தான்.

நடுவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2014 கடைசியில் இன்னொரு இடைத்தேர்தல் நடத்துவதாக அறிவித்தார்கள். செப்டம்பரில் தேர்தல் ஆணையம் அதை ரத்து செய்தது. ஆசியான் தலைமைப் பொறுப்பு இருக்கிறது, செலவு, அடுத்த வருடம் பொதுத்தேர்தல் வருகிறது என்று காரணம் சொன்னார்கள். காரணம் சரியாகவே இருக்கலாம். ஆனால் 2012இல் அப்படி அடி வாங்கிய கட்சி, அடுத்த பரீட்சை ரத்தானதற்கு வருத்தப்பட்டிருக்காது. நடத்தாத இடைத்தேர்தலும் ஒரு செய்திதான்.

2017இல் என்எல்டி 19இல் 9தான் ஜெயித்தது. ஒரே வருடத்தில் மக்கள் மனம் மாறிவிட்டதா?

இப்போது இடம் மாறிவிட்டது: என்எல்டி ஆளுங்கட்சி, யூஎஸ்டிபி எதிர்க்கட்சி. தேதி மறுபடியும் ஏப்ரல் 1. கிண்டலுக்குக் கேட்கவா வேண்டும்.

"பாதிகூடத் தேறவில்லை" என்று செய்தி போட்டார்கள். கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 19இல் 6 இடங்கள் ஷான் மாநிலத்தின் மொங் ஷூ, செத்தீ பகுதிகளைச் சேர்ந்தவை. சண்டை காரணமாக அங்கே 2015இல் ஓட்டெடுப்பே நடக்கவில்லை. அந்த 6ஐயும் ஷான் கட்சியான எஸ்என்எல்டி எடுத்தது. என்எல்டி கையில் இருந்து பறிபோன இடங்கள் அல்ல அவை. அதன் கையில் அவை இருந்ததே இல்லை. மிச்சம் 13இல் 9 என்று பார்த்தால் படம் வேறு மாதிரி. எதிர்க்கட்சியான யூஎஸ்டிபிக்கு மொத்தமே 2தான்.

அடுத்தது, இதைவிட முக்கியமானது: எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள்? 2015இல் நூற்றுக்கு எழுபதை ஒட்டி வந்தார்கள். 2017இல் நாற்பதைக்கூடத் தொடவில்லை. இதில்தான் எல்லாக் குழப்பமும். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம் (எண்கள் நான் போட்டவை, எந்தத் தொகுதியுடையதும் அல்ல).

ஒரு தொகுதியில் 50,000 வாக்காளர்கள். பொதுத்தேர்தலில் 35,000 பேர் வந்தார்கள். ஆளுங்கட்சிக்கு 22,000, எதிர்க்கட்சிக்கு 10,000, மற்றவர்களுக்கு 3,000. அப்புறம் இடைத்தேர்தல். வந்தவர்கள் 18,500 பேர். ஆளுங்கட்சிக்கு 8,500, எதிர்க்கட்சிக்கு 9,000, மற்றவர்களுக்கு 1,000. எதிர்க்கட்சி ஜெயித்துவிட்டது. விழுக்காட்டில் பார்த்தால் 29இலிருந்து 49க்குத் தாவியிருக்கிறது. பத்திரிகையில் "எழுச்சி" என்று தலைப்புப் போடலாம். உண்மையில் அந்தக் கட்சி ஒரு புது ஓட்டைக்கூடச் சம்பாதிக்கவில்லை; இருந்ததில் ஆயிரத்தை இழந்திருக்கிறது. ஆளுங்கட்சிக்காரர்கள் வீட்டில் இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஏன் வீட்டில் இருக்கிறார்கள்? சலிப்பு ஒன்று. "நம்ம கட்சிதானே ஆட்சியில் இருக்கிறது, ஒரு இடம் போனால் என்ன" என்ற நினைப்பு ஒன்று. தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போனவர்கள் இடைத்தேர்தலுக்காக ஊர் திரும்புவதில்லை. யூஎஸ்டிபியின் ஓட்டு அப்படி இல்லை. ராணுவக் குடும்பம், ஓய்வுபெற்ற அதிகாரிகள், பழைய அமைப்பில் இருந்தவர்கள் என்று மழை பெய்தாலும் வந்து போட்டுவிட்டுப் போகிற ஓட்டு அது.

அதனால் விழுக்காட்டை நம்பாதீர்கள். இரண்டு தேர்தலிலும் அந்தக் கட்சி வாங்கிய ஓட்டை எண்ணிக்கையாகவே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

அப்படியென்றால் சௌங்ஸோனில் என்எல்டி தோற்றதும் வெறும் சோம்பல்தானா?

இல்லை, அது நிஜமான கோபம். மோல்மேன் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, கண் முன்னே பார்த்தவர்கள். மோல்மேனுக்கு எதிரே ஆற்றின் நடுவில் இருக்கும் பீலூ தீவில் உள்ளது சௌங்ஸோன். படகில்தான் போய் வர வேண்டியிருந்தது. புதுப் பாலம் கட்டி முடித்தார்கள். அந்தப் பகுதியின் மொன் இன மக்கள் பாலத்துக்குச் சால்வீன் ஆற்றின் பெயரை, உள்ளூர்ப் பெயரை வைக்கச் சொன்னார்கள். நாடாளுமன்றத்தில் என்எல்டி தன் பெரும்பான்மையை வைத்து சூகியின் அப்பா ஜெனரல் ஆங் சான் பெயரைச் சூட்டியது. ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலம் போனார்கள். அது நடந்தது 2017 மார்ச்சில். ஏப்ரல் 1இல் ஓட்டு. 2015இல் என்எல்டி ஜெயித்த கீழவை இடம் யூஎஸ்டிபிக்குப் போனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோபப்பட்டவர்கள் மொன் மக்கள். லாபம் அடைந்தது மொன் கட்சி அல்ல, ராணுவ ஆதரவுக் கட்சி! அந்தத் தீவு மக்களுக்குத் திடீரென்று ஜெனரல்கள் மேல் பாசம் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? அதிக ஓட்டு வாங்கியவருக்கே இடம் என்ற முறையில் ஆளுங்கட்சி சரிந்தால், அடுத்ததாக நிற்பவர் சும்மா நின்றாலே ஜெயிப்பார். இடைத்தேர்தல் முடிவு ஆளுங்கட்சி மேல் உள்ள கோபத்தைச் சரியாகவே காட்டும். எதிர்க்கட்சி மேல் உள்ள விருப்பத்தைக் காட்டுவதில் அது அவ்வளவு நம்பகமானது அல்ல.

2018இல் யூஎஸ்டிபி மூன்று இடம் பிடித்ததே?

பிடித்தது. நவம்பர் 3இல் 13 இடங்களுக்கு நடந்த தேர்தலில் என்எல்டிக்கு 7, யூஎஸ்டிபிக்கு 3, மிச்சம் இனக் கட்சிகளுக்கும் ஒரு சுயேச்சைக்கும். கச்சின் தலைநகர் மிச்சினாவிலேயே யூஎஸ்டிபி ஜெயித்தது பெரிய பேச்சானது. அங்கே கச்சின் ஓட்டு பல கட்சிகளாகச் சிதறியிருந்தது. வந்தவர்கள் எண்ணிக்கையும் பாதியைத் தொடவில்லை.

அந்தச் சமயம் "2020இல் என்எல்டி தேறாது, கூட்டணி ஆட்சிதான்" என்று எழுதாதவர் குறைவு. 2020 நவம்பர் 8இல் என்ன நடந்தது? என்எல்டி 396, முந்தைய முறையைவிட 6 அதிகம். யூஎஸ்டிபி 33, முந்தைய முறையைவிடக் குறைவு. இரண்டு இடைத்தேர்தலில் "வளர்ந்த" எதிர்க்கட்சி பொதுத்தேர்தலில் சுருங்கிவிட்டது. ஓட்டுப் போட வந்தவர்கள் மறுபடி எழுபதைத் தாண்டினார்கள். வீட்டில் இருந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இடைத்தேர்தலில் சரியான பாடம் படித்தவர்கள் இனக் கட்சிக்காரர்கள்தான் என்பது என் கருத்து. பிரிந்து நின்றால் மூன்றாவது ஆள் கொண்டுபோவான் என்று புரிந்து, கச்சின், மொன், கயா கட்சிகள் 2020க்குள் தங்களுக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. மொன் ஒற்றுமைக் கட்சிக்கு அதன் பலனாகச் சில இடங்களும் கிடைத்தன.

தமிழ்நாட்டில் ஆளுங்கட்சிதானே இடைத்தேர்தலில் ஜெயிக்கும்? இங்கே அந்தக் கணக்கு செல்லாதா?

சன் டிவி பார்க்கும் வீடுகளில் எல்லாம் வரும் கேள்வி. அங்கே ஆளுங்கட்சி அமைச்சர்கள் தொகுதியிலேயே குடியேறி, பணமும் பொருளும் இறக்கி ஜெயிப்பார்கள். 2009 ஜனவரியில் "திருமங்கலம் பார்முலா" என்ற பேரே வந்தது. அந்த ஆட்சியில் திமுக வரிசையாக இடைத்தேர்தல்களில் ஜெயித்தது. 2011இல் ஆட்சியை இழந்ததோடு எதிர்க்கட்சி வரிசையில் முதலிடத்தைக்கூடத் தேமுதிகவிடம் கொடுத்தது. ஆளுங்கட்சி ஜெயித்தால் எதிர்க்கட்சி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

எதிர்ப்பக்கமும் இரண்டு உண்டு. 1973 திண்டுக்கல்லில் எம்ஜிஆர் கட்சி ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகாமல் மாயத்தேவர் ஜெயித்தார், திமுக மூன்றாவது இடத்துக்குப் போனது; 1977இல் எம்ஜிஆர் முதல்வர். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் தினகரன் சுயேச்சையாக நின்று 40,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2021இல் அவர் கட்சிக்கு ஒரு இடம்கூட இல்லை. இரண்டும் அபார வெற்றிதான். ஆனால் திண்டுக்கல்லுக்குப் பின்னால் மாநிலம் முழுக்க மன்றங்கள் இருந்தன. ஆர்.கே. நகருக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. நம் 2012, திண்டுக்கல் வகை.

நம் ஜனங்கள் ஓட்டு எங்காவது முடிவை மாற்றுமா? எல்லோருக்கும் ஓட்டு உண்டா?

நாம் பெரும்பான்மையாக இருக்கும் தொகுதி ஒன்றும் கிடையாது. ஆனால் இடைத்தேர்தலில் வருகிறவர்கள் குறைவு என்பதால், கோயிலைச் சுற்றி இருக்கும் ஒரு தெரு மொத்தமாக வந்தால் வாக்குச்சாவடியில் அது கண்ணுக்குத் தெரியும்.

உரிமை விஷயம் அட்டையைப் பொறுத்தது. 1982 குடியுரிமைச் சட்டத்தின்படி ரோஸ் அட்டை முழுக் குடிமகன், நீலம் துணைக் குடிமகன், பச்சை குடியுரிமை பெற்றவர். 2015, 2020 தேர்தல்களில் இந்த மூன்று வகையினரும் ஓட்டுப் போடலாம் என்றே சட்டம் இருந்தது. தற்காலிகமான வெள்ளை அட்டைக்காரர்கள் 2010இல் போட்டார்கள். 2015இல் அந்த அட்டை செல்லாமல் போய், ஓட்டும் போனது. வேட்பாளராக நிற்பது இன்னும் கஷ்டம். பிறக்கும்போதே அம்மா அப்பா இரண்டு பேரும் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும். தாத்தா காலத்துக் காகிதம் இல்லாத நம் வீடுகளில் பலருக்கு அங்கேயே கதவு மூடிவிடும்.

ஒரு நடைமுறை விஷயம். வார்டு அலுவலகத்தில் ஒட்டும் பட்டியலில் வீட்டில் கூப்பிடும் முனியம்மாவைத் தேடாதீர்கள். அட்டையில் இருக்கும் பர்மியப் பெயரில்தான் இருக்கும், அதுவும் ஒரு எழுத்து மாறி இருந்தாலும் இருக்கும். பாட்டியின் பர்மியப் பெயர் பேரன்களுக்கே தெரியாமல் பட்டியல் முன்னால் நின்று விழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முடிவு வருகிற இரவில் எதை முதலில் பார்ப்பது?

அந்த இடம் முன்பு யாருடையது, ஏன் காலியானது என்று பாருங்கள். அப்புறம் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று. அதன் பிறகு எதிர்க்கட்சியின் ஓட்டு எண்ணிக்கை. உள்ளூரில் பாலம், நிலம், மின்சாரம் மாதிரி ஏதாவது எரிகிறதா என்று அந்த ஊர்க்காரர் ஒருவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். பத்திரிகையைவிட அது உதவும்.

முன்கூட்டியே போட்ட ஓட்டுகளையும் கவனியுங்கள். 2010இல் பல இடங்களில் எண்ணிக்கையின் கடைசியில் அவை வந்து முடிவைப் புரட்டிப் போட்டதாகப் புகார் எழுந்தது. 2012இல் வேறு மாதிரிப் புகார்: ஓட்டுச் சீட்டில் தங்கள் கட்டத்தின் மேல் மெழுகு தடவியிருக்கிறது, அதில் போட்ட குறியைப் பிறகு அழித்துவிடலாம் என்று என்எல்டியே சொன்னது. இவ்வளவுக்கும் மேல் 43 என்றால் யோசித்துப் பாருங்கள்.

இப்போது எதிர்க்கட்சியின் நிலையை எப்படித் தெரிந்துகொள்வது?

இந்த அளவுகோலை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. 2021 பிப்ரவரி 1இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2020 முடிவுகளை ரத்து செய்தது. புதுச் சட்டப்படி பதிவு செய்யவில்லை என்று 2023 மார்ச்சில் என்எல்டியையே கலைத்துவிட்டார்கள். 2025 டிசம்பர் 28இல் தொடங்கிக் கட்டம் கட்டமாக நடந்த தேர்தலில் என்எல்டியின் மயில் சின்னம் இல்லை. மேலே சொன்ன கணக்கெல்லாம், பொதுத்தேர்தலில் இருந்த அதே கட்சிகள் இடைத்தேர்தலிலும் இருந்தால்தான் போட முடியும். இனி ஒரு இடைத்தேர்தல் வந்து, அதில் நூற்றுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிவித்தால், அந்த ஒரு எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொள்வேன்.